பதிவேட்டில் பாட்டில் பசை

நூலகப் பழுதுபார்ப்பு அறையின் பொறுப்பாளர் ஈர ஒற்றுத்தாளை மெல்ல எடுத்தாள். மேஜையைச் சுற்றி நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மேஜையில் ஒரே ஒரு தாள். கொள்ளைக்காய்ச்சல் வந்த ஆண்டில் ஒரு மருத்துவர் எழுதிய குறிப்பேட்டிலிருந்து பிரித்தது. உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, நொறுங்கத் தொடங்கியிருந்த அந்தத் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாளை ஒட்டி முட்டுக்கொடுத்திருந்தார்கள். பின்பக்கம் வெற்றுப் பக்கம் என்ற நினைப்பு. போன மாதம் ஓர் ஆய்வாளர் அதை அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்தபோதுதான், உள்ளே மூன்று வரி பென்சில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. காய்ச்சல் முதலில் எந்தத் தெருவில் கிளம்பியது என்பது அதில் இருக்கலாம்.

ஒட்டியதைப் பிரிக்க வேண்டும். பிரியுமா என்பதுதான் கேள்வி.

ஒட்டியவர் அங்கேயே நின்றிருந்தார். அந்தப் பழுதுபார்ப்பு அறையின் பழைய மேற்பார்வையாளர். ஓய்வுபெற்றுப் பத்து வருடம் ஆகிறது. பதிவேட்டில் அவர் கையெழுத்து இருந்தது. ‘பசை’ என்ற கட்டத்தில் அவரே குண்டு குண்டாக எழுதியிருந்தார்: பாட்டில் பசை.

பக்கத்தில் அவர் மனைவி. அதே அறையில் அவருக்குக் கீழே இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். மாவைக் கரைத்து, காய்ச்சி, மூன்று முறை வடிகட்டிப் பசை செய்வாள். நூலகமே அவளைப் பசையம்மா என்றுதான் கூப்பிட்டது.

மாவுப் பசை எத்தனை வருடம் ஆனாலும் ஈரம் பட்டால் சொன்ன பேச்சு கேட்கும். கடையில் வாங்கும் பாட்டில் பசை கேட்காது. தாளையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். மூன்று வரிப் பென்சில் எழுத்தெல்லாம் அதற்கு எம்மாத்திரம்.

அது தெரியாத காலத்தில் பாட்டில் பசையைச் சிபாரிசு செய்தவர் அவர்தான். அலுவலகம் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவித்தும் விட்டது. அதற்குப் பிறகு மனுஷனுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அறையில் தொடங்கிய சண்டை வீடுவரை வந்தது. பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகும் அது மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

உண்மையைச் சொன்னால், இன்று காலை அவள் நல்ல உடையாகத் தேடி எடுத்து உடுத்திக்கொண்டு வந்ததே வேடிக்கை பார்க்கத்தான். முப்பது வருட வழக்குக்கு இன்றைக்குத் தீர்ப்பு. ஜெயிக்கப்போவது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தாள். பதிவேட்டில் இருந்த கையெழுத்தை மூடி மறைத்துக்கொண்டிருந்தன.

நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்கப்போகிறார்.

நான் தோற்றாலும் பரவாயில்லை, பிரிந்து வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எதிர்க்கட்சிக்காக அவள் வேண்டிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

பொறுப்பாளர் மெல்லிய தகடு ஒன்றை மூலையில் நுழைத்தாள்.

மூலை எழும்பியது.

பிறகு ஒரு விரலளவு. பிறகு ஒரு கையளவு. தூங்கும் குழந்தைமேலிருந்து போர்வையை எடுப்பதுபோல முழுத்தாளும் சத்தமில்லாமல் கழன்று வந்தது.

ஒரு நார்கூடப் பிய்யவில்லை. மூன்று வரியும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். கடைசியில் தெருவின் பெயரை வாய்விட்டுப் படித்தார். யாரோ கைதட்டினார்கள்.

பொறுப்பாளர் மட்டும் கைதட்டவில்லை. கழன்ற தாளை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பதிவேட்டைப் பார்த்தாள். மறுபடியும் தேய்த்துப் பார்த்தாள்.

“சார், இது மாவுப் பசை. பாட்டில் பசைன்னு எழுதியிருக்கீங்களே?”

அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ வெகு அக்கறையாகப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

பொறுப்பாளர் விடுகிற ஆளில்லை. அலமாரியைத் திறந்து, அவர் பெயரில் பதிவான குறிப்பேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். பதினெட்டு. எல்லாவற்றுக்கும் நேரே பாட்டில் பசை என்றே எழுதியிருந்தது. அந்த நாளில் மற்றவர்கள் பாட்டில் பசையால் ஒட்டியதெல்லாம் எப்போதோ பழுப்பேறி விறைத்துப்போயிற்று. இந்தப் பதினெட்டில் ஒரு தாள்கூட நிறம் மாறவில்லை.

பசையம்மா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். ஒரு கட்டி இல்லை, ஒரு திப்பி இல்லை. அந்தக் கட்டடத்தில் அவ்வளவு சுத்தமாக வடிகட்டுகிறவள் ஒருத்திதான் இருந்தாள்.

அந்த நாளில், அவள் மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பசைக் கிண்ணம் மறுநாள் பாதிதான் இருக்கும். கரப்பான் தின்கிறது என்று மேற்பார்வையாளருக்கு எழுத்து மூலமாகவே புகார் கொடுத்திருக்கிறாள். மொத்தம் ஏழு புகார். ஆவன செய்யப்படும் என்று ஏழிலும் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பதிவேட்டில் பொய் எழுதுவது அந்த அறையில் மன்னிக்கக்கூடிய குற்றமில்லை. அதற்காக அவளே எத்தனையோ பேரை வறுத்தெடுத்திருக்கிறாள். இப்போதும் கோபம் வரும் என்றுதான் காத்திருந்தாள்.

வந்தது பெருமை.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆய்வாளர் முன்னால் நிறுத்தினாள்.

“இவர்தான் எங்க வீட்டுக்காரர்.”

அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.