குகைக்குள் பெண் பார்த்தல்

"மூச்ச முழுசா வெளிய விடுங்கம்மா. நெஞ்சு சுருங்கும்ல, அந்த நேரம் பாத்து கால ஊனி ஒரு தள்ளு. அவ்வளவுதான்."

விடுவதற்கு மூச்சு இருந்தால்தானே. பாறை இடுக்கில் பாதி உடம்பு இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகக் கவிழ்ந்து கிடந்தாள் புஷ்பமேரி. ஐம்பத்திரண்டு வயதில் தலையில் ஹெல்மெட், அதன் மேல் விளக்கு, முட்டிக்கு உறை. சேலையும் நைட்டியும் தவிர வேறு அறியாதவளுக்குப் பேன்ட் வேறு. சக்குபள்ளத்தில் அவளோடு ஏலக்காய் எடுப்பவர்கள் இந்தக் கோலத்தைப் பார்த்தால் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எல்லாம் மகனால் வந்த வினை. மூணாறில் ஜீப் ஓட்டும் ஜின்சன், புதிதாக வருகிறவர்களைக் குகைக்குள் கூட்டிப்போய்ப் பழக்கும் ஜிபி என்ற பெண்ணைத்தான் கட்டுவேன் என்றான். "நீ சரின்னா கல்யாணம். வேண்டாம்னா நான் பேச்சே எடுக்க மாட்டேன்" என்று முடிவையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டான். அவன் நீட்டிய போட்டோவைப் புஷ்பமேரி பார்க்கவும் இல்லை, தொடவும் இல்லை. பெண்ணின் போட்டோவைக் கையில் வாங்கினாலே பாதிச் சம்மதம் என்று ஆகிவிடாதா?

பொந்துக்குள் நுழைகிறவள் குடும்பத்துக்கு ஆவாளா என்று நேரில் பார்த்து, ஒரு குறையாவது கண்டுபிடித்து, வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறினாள். குகை வாசலில் ஹெல்மெட்டோடு ஒரே ஒரு பெண்தான் நின்றாள். பேர் கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்று, கேட்காமலே பின்னால் நடந்தாள்.

"என்னால முடியல பாப்பா. திரும்பிப் போயிருவோமா?"

"போவோமே. யாரு எந்த இடத்துல போதும்னு சொல்றாங்களோ அங்கயே எல்லாரும் திரும்பிறணும், அதான் எங்க சட்டம். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க." இடுக்குக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் குப்புறப் படுத்துக்கொண்டாள். "கைய மட்டும் முன்னால நீட்டுங்க. நான் இழுக்க மாட்டேன். சும்மா தொட்டுக்கிட்டு இருக்கேன்."

தொட்டுக்கொண்டேதான் இருந்தாள். அவசரப்படுத்தவில்லை, சலித்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துப் புஷ்பமேரி மூச்சை விட்டாள், காலை ஊன்றினாள், அந்தப் பக்கம் போய் விழுந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

குறை கண்டுபிடிக்க வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இந்த வேலையில பயமே இல்லையா உனக்கு?"

"பயம் இருக்கணும்மா. பயமே இல்லங்கிறவங்கள நான் உள்ள கூட்டிட்டு வர மாட்டேன்."

"நாளைக்கு வாக்கப்பட்டுப் போற வீட்ல, இது வேண்டாம்னு மாமியார் சொன்னா?"

"மாமியாரையும் ஒருநாள் உள்ள கூட்டிட்டு வந்துருவேன்."

புஷ்பமேரிக்குத் திக்கென்றது. கண்டுபிடித்துவிட்டாளோ? விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் ஒன்றும் தெரியவில்லை.

"உட்காருங்கம்மா. ரெண்டு பேரும் விளக்க அணைப்போம். இந்த இருட்ட வெளிய எங்கயும் பாக்க முடியாது."

அணைத்ததும் தன் கையே தனக்குத் தெரியவில்லை. கர்த்தரே என்று புஷ்பமேரி முனகுவதற்குள் அந்தப் பெண் துழாவி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண் பிள்ளை பெறாத புஷ்பமேரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவளை விட்டால் ஜின்சனுக்கு வேறு யார் கிடைப்பார்கள் என்று, குறை தேட வந்தவள் மனசே மாறிப்போனது.

வெளியே வந்து வெயிலில் நின்றதும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போட்டு உடைத்துவிட்டாள்.

"நான் சும்மா வரல பாப்பா. ஜின்சனோட அம்மா. உன்னைய பாக்கத்தான் வந்தேன். எனக்குப் பூரண சம்மதம். நீதான் எங்க வீட்டு மருமக."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அம்மா, நான் நிமி. ஜிபியோட கூட்டாளி. அவ இன்னைக்கு லீவு."

"லீவா? எங்க போயிருக்கா?"

"சக்குபள்ளத்துக்கு. மாமியாராப் போறவங்க எப்படின்னு, யாருன்னு சொல்லாமப் பாத்துட்டு வரேன்னு உங்க வீட்டுக்குத்தான் காலையிலயே கெளம்பிட்டா. முகம் தெரியாதேடின்னு கேட்டேன். வீட்ல இருக்கிற பெரிய பொம்பளதான மாமியாருன்னு சொல்லிட்டுப் போனா."

புஷ்பமேரி அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு அவள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருப்பது, மூன்று மருமகள்களையும் ஒரே வருஷத்தில் தனிக்குடித்தனத்துக்கு விரட்டிவிட்ட அவளுடைய நாத்தனார்.