கோணல் தையல்

"ஊருக்கெல்லாம் தைக்கிறவன், பெத்த பொண்ணுக்கு ஒரு கவுன் தைக்க மாட்டியா?"

அக்கா கேட்டதற்கு டெய்லர் தலை நிமிரவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே, "நேரமில்லக்கா. கல்யாண வீட்டு ரவிக்கை, மதியம் குடுக்கணும்" என்றான்.

விவாகரத்துக்குப் பிறகு சனிக்கிழமை மட்டும் மகள் அவனிடம். மற்ற நாளெல்லாம் அம்மாவிடம்.

இன்று சனிக்கிழமை. கட்டிங் மேஜை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள் மகள். மடியில் ஒரு நீலக் கவுன். சாயங்காலம் பள்ளிக்கூட விழா மேடையில் அவள்தான் பட்டாம்பூச்சி.

அம்மா கையாலேயே தைத்த கவுன். நீலத் துணியில் வெள்ளை நூல். ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு திசைக்குப் போனது. கவுனின் இடது கையில் பாதியில் வெள்ளை நூல் தீர்ந்துபோய், மீதி மஞ்சள்.

"உங்கம்மா கண்ணை மூடிக்கிட்டுத் தச்சாளா?" என்றாள் அக்கா, சட்டைக்குப் பட்டன் கட்டியபடி.

"போங்கத்தை. விரல் பூரா குத்திக்கிட்டாங்க. அப்பாகிட்ட குடுக்கலாம்னேன். நானே தச்சுக்கிறேன்னுட்டாங்க."

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, நீ வேற ஒண்ணு தச்சுக் குடுப்பா. எல்லாரும் சிரிப்பாங்க."

"இதுவே நல்லாத்தான் இருக்கு."

அக்கா நாற்காலியைத் தம்பி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பொண்ணு என்கூட இருக்கட்டும்னு கேஸ் போட்டது நீதானே? அடுத்த வாரம் ஜட்ஜ் இவளைக் கூப்பிட்டு யார்கூட இருக்கப் போறேன்னு கேக்கப் போறாரு. இன்னைக்கு நீ ஒரு கவுன் தச்சுப் போடு. பிள்ளை உன் பேரைச் சொல்லும்."

"பட்டனைக் கட்டுக்கா."

"கோபம் அவ மேல. பழி வாங்குறது பிள்ளையை. நல்லா இருக்குடா உன் நியாயம்."

அவன் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தான்.

மகள் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பறந்து பார்க்கக் கையைத் தூக்கினாள். அக்குளில் பர்ரென்று கிழிந்தது.

"பாத்தியா? இப்பவாவது புதுசு தைடா" என்றாள் அக்கா.

மகள் கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டாள். "புதுசு வேணாம்ப்பா. அம்மா தச்சது எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

டெய்லர் மெஷினை நிறுத்தினான்.

"கழட்டிக் குடு. கிழிசலை மூட்டி வைக்கிறேன். அத்தையோட போய்ச் சாப்பிட்டு வா."

அவர்கள் திரும்பி வந்தபோது ரவிக்கை காலையில் இருந்தபடியே மெஷினில் கிடந்தது. அதற்குரிய அம்மாள் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். டெய்லர் மூக்கு நுனியில் கண்ணாடியோடு கவுன் மேல் குனிந்திருந்தான். பக்கத்தில் டேப்.

அக்காவுக்கு ஆச்சரியம். ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துணியில் கத்தரி வைப்பவன் அவன். கழுத்தில் தொங்கும் டேப் எல்லாம் வாடிக்கையாளர் மனத்திருப்திக்கு.

"ஒரு கிழிசலுக்கு டேப்பா? தொழில் மறந்துபோச்சா?"

அவன் டேப்பைச் சுருட்டி வைத்தான்.

அக்கா கவுனைப் பார்த்தாள். அதே கோணல். அதே வெள்ளை. அதே மஞ்சள்.

"அப்படியேதானே இருக்கு. இதுக்கா இவ்வளவு நேரம்?"

"ஆமா."

"உன்னை நம்பினாளே பிள்ளை" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா மீதிப் பட்டன்களை எடுத்தாள்.

சாயங்காலம் பட்டாம்பூச்சி மேடை முழுக்கப் பறந்தது. குதித்தது, சுழன்றது, கையை விரித்து விரித்து வட்டமடித்தது. கவுன் எங்கும் பிரியவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

முடிந்ததும் ஒப்பனை அறையில் டீச்சர் கேட்டார், "கவுன் யாரும்மா தச்சது?"

"எங்க அம்மா" என்றாள் மகள், மூச்சு வாங்க.

பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு முகம் சிவந்தது. "ஊசி பிடிச்சதே இதுதான் முதல் தடவை டீச்சர். மேடையில பிரிஞ்சுடுமோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எப்படியோ தாங்கிடுச்சு."

மகள் உடை மாற்றியதும் அக்கா கவுனை மடிக்க எடுத்தாள். உள்பக்கம் திரும்பியிருந்தது. கை அப்படியே நின்றது.

உள்ளே முழுக்கத் தம்பியின் தையல். நீலத் துணிக்கு நீல நூல், வெளியே தெரியாதபடி. மூட்டுக்கு மூட்டு இரட்டைத் தையல். கழுத்து உறுத்தாமலிருக்க மெல்லிய பட்டி. கிழிசலை மூட்டியதல்ல. மொத்தமும் பிரித்து மறுபடி தைத்தது.

வெளிப்பக்கம் திருப்பினாள். தடுமாறித் தடுமாறி ஓடும் அந்த வெள்ளை நூல், பழைய ஊசித் துளைகளிலேயே நுழைந்து வெளியேறியிருந்தது. மஞ்சள் தொடங்கும் இடம்கூடத் தள்ளிப்போகவில்லை.

அக்கா வாசலைப் பார்த்தாள். அங்கே நின்ற தம்பி, சொல்லாதே என்று தலையசைத்தான்.

கண்ணளவிலேயே ஊருக்குத் தைப்பவன், பிரிந்துபோனவளின் கோணலை மட்டும் டேப் பிடித்து அளந்து தைத்திருந்தான்.