எறிந்த சாவி

வேலை போனவர்களுக்குக் கொடுக்கும் காசை யோகலிங்கத்துக்கு மறுத்துவிட்டார்கள். அவர் தானாகவே வேலையை விட்டவராம். அப்பீல் விசாரணை இன்று அதிகாரியோடும் மொழிபெயர்ப்பாளரோடும் போனில். மனைவி சுபத்திரா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அதைக் கேட்டு வாங்கியிருந்தார்.

"நானோ விட்டனான்? அந்த மனேச்சர் நாய்தான் நாளைக்கு வராதை எண்டு கலைச்சவன். அவன்ர கதையை நம்புற நீங்களும் ஒரு அரசாங்கக் கந்தோர்!"

அதிசயமாக, அது முழு உண்மை. மொழிபெயர்ப்பாளர் நாயை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை இங்கிலீசில் சொன்னார்.

கதவு திறந்தது. தன் வேலையிடத்தில் இன்று வேலையில்லை என்று பாதியில் திருப்பி அனுப்பப்பட்ட சுபத்திரா, ஸ்பீக்கரில் ஓடிய மானக்கேட்டைக் கேட்டுக் கொதித்துப்போனாள்.

"ஆர் இவரைக் கலைக்கிறது? வேர்ஹவுஸ் சாவியை மனேச்சரின்ர மூஞ்சையில எறிஞ்சுபோட்டெல்லோ வந்தவர்!"

இம்முறை மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் விடவில்லை.

போன் வைத்ததும் யோகலிங்கம் பாய்ந்தார். "விசரி! ஆரடி உனக்கு உந்தப் பொய்யைச் சொன்னது?"

"நீங்கள்தான். அண்டைக்கு வந்து நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னீங்கள். கலியாணம் கட்டின நாள் தொட்டு உங்கட வாயால வந்ததில நான் நம்பினது அது ஒண்டைத்தான்."