முப்பத்திரண்டு தட்டு

சினிமாப் பாட்டுகளை ஊர் ஊராகப் போய்ப் பாடும் கச்சேரிக் குழுவில் ஜெபமணி புல்லாங்குழல். கோயில் கொடை, மாதா திருவிழா, கல்யாண வரவேற்பு என்று இருபத்தாறு வருடங்கள் வேனிலேயே போய்விட்டன. டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய ஐந்தாம் நாள் மத்தியானம், படுக்கையில் கிடந்த அவர் மனைவி ரோஸ்லின் கேட்டாள்: “ஊருக்கெல்லாம் வாசிச்சீங்க. எனக்கு ஒரு பாட்டு முழுசா வாசிங்களேன்.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாட்டின் முன்னிசையை வாசித்தார். அது முடிந்ததும் குழல் தானாக மடிக்கு இறங்கிவிட்டது. வலதுகை விரல் தொடையில் தாளம் எண்ணத் தொடங்கியது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“இது பாடகர் பாடுற இடம்.”

“இங்க யாரு இருக்கா பாட? அதையும் நீங்களே வாசிங்க.”

குழலை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனார். பல்லாயிரம் முறை பக்கத்தில் நின்று கேட்ட மெட்டுதான். ஆனால் அந்த இடத்தில் சும்மா இருப்பதற்குத்தான் விரல்கள் பழகியிருந்தன. துளைகளின்மேல் அசையாமல் கிடந்தன.

“சரி, அவரு பாடி முடிக்கட்டும்” என்று ரோஸ்லின் கண்களை மூடிக்கொண்டாள்.

அவர் முதலிலிருந்து எண்ணினார். அடுத்து குழல் வர முப்பத்திரண்டு தட்டு. அவளும் போர்வையின்மேல் ஒரு விரலால் கூடவே தட்டினாள்.

பத்தொன்பதில் அவள் விரல் நின்றது.

ஜெபமணி அதைப் பார்த்தார். எண்ணுவதை நிறுத்தவில்லை. முப்பத்திரண்டு முடிந்ததும், கொஞ்சமும் பிந்தாமல், குழலை உதட்டில் வைத்தார்.