நாற்பத்தைந்து விநாடி

"இன்னும் ஏழு விநாடி உள்ளயே இருந்திருந்தீங்கன்னா அம்பு பலகையில குத்தியிருக்கும்."

நீச்சல் குளத்தின் விளிம்பில் ஸ்டாப்வாட்சும் கையுமாக உட்கார்ந்திருந்த மனைவி கறாராகச் சொன்னாள். அச்சகத்தில் டைப் அடிப்பவளுக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடியே, அதே அச்சகத்தில் பிழை திருத்தும் கணவர் முகமூடியைக் கழற்றி மூச்சு வாங்கினார்.

நுரையீரலில் நோய் வரும்வரை வில்வித்தைச் சங்கத்தில் அவர் வைத்த குறி தப்பாது. வந்து போனபின் நாணை இழுத்துப் பிடிக்க மூச்சு போதவில்லை. வில்லைப் பரணில் போட்டுவிட்டு நாற்காலியே கதியென்று கிடந்தார். மூச்சைப் பழக்காவிட்டால் மாடிப்படிகூட ஏற முடியாது என்று டாக்டர் எச்சரித்தும் காதில் வாங்கவில்லை. 'மூச்சுப் பயிற்ச்சி' என்று மனைவி எழுதி ஒட்டிய அட்டவணையில் அவர் செய்த ஒரே வேலை, அதிகப்படியாக இருந்த 'ச்'சை சிவப்புப் பேனாவால் அடித்ததுதான்.

அப்புறம் ஒருநாள் கதவிடுக்கில் அந்த நோட்டீஸ் கிடந்தது. நீருக்கடியில் வில்வித்தைப் போட்டி. நாற்பத்தைந்து விநாடி மூச்சடக்கி, அதற்குள் குறியில் அடிப்பவர்களுக்கே இடம். வில் என்றதும் மனிதர் எழுந்துவிட்டார். டாக்டரும் தாராளமாகச் செய்யட்டும் என்றார்.

ஐந்து மாதமாகப் படாதபாடு பட்டார். மிதக்காமல் இருக்க இடுப்பில் ஈயப் பட்டை கட்டினார். தண்ணீர் வில்லோடு மல்லுக்கட்டும் என்பதால் எளிதாக வளையும் வில். இறகில்லாத கனத்த எஃகு அம்பு, அதன் வாலில் ஒரு நூல். முகமூடி வழியாகப் பார்த்தால் பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். அதை நம்பிப் பல வாரம் ஏமாந்தார்.

"இன்னொரு தடவை பாத்துடறேன்," என்று மூழ்கினார்.

முப்பத்தெட்டைத் தாண்டியதும் அவள் விளிம்பில் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள். நாற்பத்தாறில் தலை வெளியே வந்தது. நூலை இழுத்தார், வரவில்லை. அம்பு பலகையில் குத்தி நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இனிமே சேத்துக்குவாங்கல்ல?" என்றார்.

அவள் ஈரத் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். போட்டி இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போயிருக்கிறதாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். இது மூன்றாவது தடவை.

அவருக்குக் கோபம் வரவில்லை. பையைத் துழாவி அந்தப் பழைய நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

"எத்தனை தடவை வேணும்னாலும் தள்ளிப் போகட்டும். அடுத்த நோட்டீஸ் நீ அடிக்கறப்ப இதை மட்டும் திருத்திடு."

நோட்டீஸில் அச்சாகியிருந்த 'பயிற்ச்சி'யின் 'ச்'சைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் அவர் கையெழுத்தில், அந்த நோட்டீஸ் வீட்டுக்கு வந்த நாளின் தேதி.