பதில் சொல்லாமல் மேலே போவது

"ஆகஸ்ட் 9. இன்று ஒரு சிறு பிழை. ஆங்கிலத் தத்துவப் பாடத்தில் 'be that as it may', அதாவது 'அது எப்படியும் இருக்கட்டும்' என்று வந்த இடத்தில், நூலாசிரியர் எதிராளியின் வாதத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதிவிட்டேன்."

மாலை வகுப்பிலிருந்து களைத்து வந்த மரியசெல்வி பேனாவை வைத்தாள். "அவரு எங்க ஒப்புக்கிட்டாரும்மா? பதில் சொல்லாம மேல போறாரு," என்று சார் சிரித்திருந்தார்.

ஊரிலிருந்து அம்மா போனில் வந்தாள். "ஞாயித்துக்கெழம மாப்ள வீட்டுக்காரவ வாராவ. லீவு சொல்லிட்டு வா."

"அந்த மாப்ள வேண்டாம்னு போன வாரமே அப்பாட்ட சொல்லிட்டேம்லா?"

"அதுக்கு என்ன சொன்னாவ?"

"அது கெடக்கட்டும் மக்களே, அங்க மழ உண்டான்னு கேட்டாவ."

"ஒங்கப்பாவ ஒனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

பிழைக்குக் கீழே மரியசெல்வி எழுதினாள்: "நாளை அப்பாவிடம் மறுபடி சொல்ல வேண்டும். மழையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக் கூடாது."