மைனா சொன்ன வணக்கம்

ஐஸ்லாந்திலிருந்து வழிதவறி வந்த கடற்பறவை ஒன்று, துறைமுகச் சுவரில் மூன்று நாளாக இரை தொடாமல் கிடந்தது. யார் பேசியதும் அதற்குப் புரியவில்லை.

"அதோட பாஷையில ஒரு வணக்கமாவது சொல்லணும்" என்றது மைனா.

"யாருகிட்ட கத்துக்குவ?" என்றது காகம்.

அங்கே ஓர் ஐஸ்லாந்துக் கப்பல் நின்றிருந்தது. மைனா அதன் ஜன்னலில் உட்கார்ந்து, மாலுமிகள் சொல்லிக்கொண்ட வணக்கத்தைக் கேட்டது. "சைட்ல்." நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, ஓரமாக மூச்சை விட வேண்டும். நாள் முழுக்கப் பழகியது.

"என்ன, தும்முறியா?" என்று காகம் சிரித்தது.

மைனா கூசவில்லை. ஒரு மீனோடு போய்ப் பறவையிடம், "சைல்" என்றது.

பறவை தலையைத் தூக்கியது. "சைட்ல்" என்று மெதுவாகத் திருத்தியது. மைனா திரும்பச் சொன்னது. பறவை விடவில்லை, மறுபடி திருத்தியது. நான்காம் முறை சரியாக வந்ததும், எழுந்து நின்று மீனைக் கொத்தத் தொடங்கியது.